அப்பாவின் கிளாரினெட்டுக்கு வந்த நோட்டீஸ்

அந்தச் சனிக்கிழமை காலை அந்தமானில் எங்கள் பாம்பூஃப்ளாட் வீட்டுச் சாப்பாட்டு மேசையருகே இருந்தவர்கள்: நான், சின்னப்பன் பர்னாந்து, வீட்டுக்கு மூத்தவன். என் மனைவி செலின். என் தம்பி பெர்க்மான்ஸ். அவன் மகள் ஜோஸ்லின். தேங்காய்ப்பால் கேட்டு வந்து, வாங்கிக்கொண்ட பிறகும் போகாமல் நின்ற பக்கத்து வீட்டு வசந்தகுமாரி. வேறு யாரும் இல்லை. 'நானும் இருந்தேன்' என்று பின்னால் சொல்லிக்கொண்டவர்களை நம்ப வேண்டாம்.

சென்ற வாரம் இந்தப் பத்தியைப் படிக்கத் தவறியவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

என் தம்பி ஒரு காலத்தில் போர்ட் பிளேயரில் ஒரு ஹோட்டலின் கீழ்த்தளத்தில் டிஸ்கோவுக்குப் பாட்டுப் போட்டவன். ஞானஸ்நானத்தில் வைத்த பெர்க்மான்ஸ் என்ற நல்ல பெயரை ஒடித்து, 'டிஜே பெர்க்கி' என்று சுவரொட்டி அடித்தார்கள். சாத்தம் ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், ஒட்டியிருந்ததை என் கையாலேயே கிழித்தேன். அந்த ஹோட்டல் போய்விட்டது. இப்போது அங்கே செருப்புக் கடை. பிறகு அவன் அரசாங்க ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் கட்டி, மனைவியை இழந்து, மகளை ஆளாக்கி, மரியாதையாக ஓய்வு பெற்றான். எல்லாம் முடிந்தது என்று இருந்தேன்.

கடலுக்கடியில் கேபிள் போட்டுத் தீவுக்கு நல்ல இன்டர்நெட் வந்ததும், முடிந்தது மறுபடி ஆரம்பித்தது. பழைய கேசட்டுகளைப் பூஞ்சை துடைத்து எடுத்து, லேப்டாப்பில் ஏற்றி, மேலே புதுத் தாளம் சேர்த்து, 'டிஜே பெர்க்கி டிஸ்கோ தர்பார்' என்று ஒரு சேனலில் போட்டுவருகிறான். ஒவ்வொன்றுக்கும் கீழே அந்தக் காலத்து நினைவு ஒன்றையும் எழுதுகிறான். மெயின்லாந்துக்கும் துபாய்க்கும் போய்விட்ட பழைய தீவுக்காரர்கள் கேட்டுவிட்டுச் சிவப்பு இதயம் போடுகிறார்கள்.

ஜோஸ்லினுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் இந்தத் தர்பார் கலைய வேண்டும் என்று சென்ற வாரம் தீர்ப்புச் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். சம்மதம் என்று நினைத்தேன். காதில் எதையோ மாட்டிக்கொண்டு தாளத்துக்கு ஆட்டியிருக்கிறான்.

இனி அன்றைய கதை.

"அப்பா, ஸ்ட்ரைக் வந்திருக்கு" என்றாள் ஜோஸ்லின், கைப்பேசியைப் பார்த்தபடி.

"எந்த யூனியன்?" என்றேன்.

"யூனியன் இல்ல பெரியப்பா, காப்பிரைட். அப்பாவோட 'கடைசி ஃபெர்ரி மிக்ஸ்'ல ஒரு கிளாரினெட் வருதுல்ல? அந்த மெட்டு தங்களோடதுன்னு சென்னையில மயிலிறகு ஆடியோஸ்னு ஒரு கம்பெனி நோட்டீஸ் விட்டிருக்கு."

"அதாவது?"

"அவங்களக் கேக்காம நாம எடுத்துட்டோம்னு."

"திருடிட்டோம்னு சொல்லு."

"அரே, அப்படியெல்லாம் போடலை பெரியப்பா."

"கேக்காம எடுத்தா தமிழ்ல அதுக்கு வேற பேரு கிடையாது."

வசந்தகுமாரி தேங்காய்ப்பால் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாங்கள் வாய் திறந்தால் அது சாத்தம் ஜெட்டிக்கு எங்களுக்கு முன்னால் போய்ச் சேரும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்கு வந்தவளை எழுந்து போ என்று சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

"யாரு கண்டுபிடிச்சா?" என்று கேட்டாள் செலின்.

"ஆளு யாரும் இல்ல பெரியம்மா. மிஷின் கேட்டுட்டுச் சொல்லுது, இதுவும் அதுவும் ஒரே மெட்டுன்னு."

"மிஷின் சொன்னா ஆச்சா?"

"ஏற்கெனவே ரெண்டு ஸ்ட்ரைக் இருக்கு. இது மூணாவது. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் போடலைன்னா சேனலையே தூக்கிருவாங்க. பாட்டு, அப்பா எழுதினது, ஜனங்க எழுதினது, எல்லாம் போயிரும். நோட்டீஸ் போன வாரமே வந்திருக்கு. இவங்க மெயிலத் திறந்தாத்தான?"

பெர்க்மான்ஸ் ஆப்பத்தின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

நான் சொல்லிக் கேட்காததைச் சென்னைக் கம்பெனி செய்து கொடுக்கிறது. திருட்டுப் பட்டம் மட்டும் இல்லையென்றால் நன்றி சொல்லி எழுதியிருப்பேன்.

"பாட்டை எடுத்துடு. தெரியாம நடந்துட்டுன்னு மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுது. தர்பாரையும் இழுத்து மூடு. இத்தோட முடிஞ்சுது."

"எடுக்க மாட்டேன் அண்ணே."

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் உபயோகிக்காத வாக்கியம் அது.

"என்னல சொன்ன?"

"மன்னிப்புக் கேட்டா அது அவன் சொத்துன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அது அவன் சொத்து இல்ல. அது நம்ம அப்பா வாசிச்சது."

எங்கள் அப்பா சந்தியாகு பர்னாந்து மணப்பாட்டிலிருந்து சாத்தம் மரஆலை வேலைக்கு வந்தவர். வந்த கையோடு எங்கள் கோவிலுக்கு ஒரு பேண்டு செட் சேர்த்தவர். திருவிழா, கல்யாணம், அடக்கம் எதுவானாலும் வெள்ளை உடுப்பில் கழுத்துப் பொத்தான் வரை போட்டு முன்னால் நடப்பார். சப்பரம் கோவில் படியிறங்கும்போது வாசிப்பதற்கென்று அவரே கட்டிய மெட்டு ஒன்று உண்டு. வேறு எதற்கும் அதை வாசித்து நான் பார்த்ததில்லை. பேண்டில் இருந்த இரண்டு பேர் பிற்காலத்தில் ஊர் திரும்பினார்கள். மெட்டும் அவர்களோடு கப்பல் ஏறியிருக்கும். அங்கே யாரோ வாசிக்க, யாரோ கேசட் போட்டிருப்பார்கள்.

தம்பி போடுவதை நான் கேட்பதில்லை. அன்று ஜோஸ்லின் கைப்பேசியில் வைத்தாள். முதலில் நெஞ்சில் குத்துகிற மாதிரித் தாளம். பிறகு அதற்கு மேலே கிளாரினெட். முதல் இழுப்பிலேயே தெரிந்தது. இறங்குவதற்கு முன் மேலேயே ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு இறங்குவார் அப்பா. அந்தச் சப்பர மெட்டு.

"எந்த வருஷத் திருவிழா இது?"

பெர்க்மான்ஸ் செலினைப் பார்த்தான். செலின் ஆப்பச்சட்டியைப் பார்த்தாள்.

"திருவிழா இல்ல அண்ணே. டிஸ்கோவுல."

வசந்தகுமாரி "ஹாய் ராம்" என்றாள்.

அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அன்னைக்கு ஹால் ரொம்பி நிக்குது. எனக்கு ரெண்டு டெக்கு, நடுவுல மிக்சர். ஒண்ணு ஓடும்போது அடுத்த கேசட்டைப் பென்சிலால சுத்திச் சுத்தி, தாளம் விழுற இடத்துல கொண்டுவந்து நிறுத்தி வைக்கணும். அப்படி நிறுத்தி, விடப் போறேன், கரண்ட் போயிட்டு. ஜெனரேட்டருக்கு டீசல் கிடையாது, கப்பல் வரலை. ஜனம் இருட்டுல தரையை மிதிச்சிக்கிட்டு 'டிஸ்கோ, டிஸ்கோ'ன்னு கத்துது. மேனேஜர் என் சட்டையப் பிடிக்கான். அந்த நேரம் வாசல்ல பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். பாத்தா அப்பா. பின்னால மொத்த பேண்டு செட்டும்."

"அவருக்கு அங்கே என்ன வேலை?"

"படுக்க இடம் கேட்டு வந்தாரு. டிலானிபூர்ல ஒரு கல்யாணத்துக்கு வாசிச்சிட்டு வந்திருக்காங்க. கடைசி ஃபெர்ரி போயிட்டு."

இங்கே ஒரு விளக்கம் அவசியம். பாம்பூஃப்ளாட்டுக்கும் சாத்தத்துக்கும் நடுவே ஓடிய ஃபெர்ரியில் நான் செராங். படகின் பொறுப்பு முழுதும் செராங்குடையது. அந்த நாட்களில் கடைசி ஃபெர்ரி என் ஃபெர்ரி.

"மாமா ஜெட்டியில கையக் காட்டிக்கிட்டே ஓடி வந்தாராம்" என்றாள் செலின். "பின்னால ஒருத்தர் பெரிய டிரம்மை வயித்துல கட்டிக்கிட்டு ஓடி வந்தாராம். நீங்க பாக்கவே இல்லையாம்."

"உனக்கு யாரு சொன்னா?"

"மாமாதான்."

ஆக, இந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியாமல் ஓர் இரவு இருந்திருக்கிறது.

"நேரம் நேரம்தான்" என்றேன். "அப்பாவா இருந்தாலும் பிஷப்பா இருந்தாலும் கயித்த அவுத்த பிறகு ஃபெர்ரி நிக்காது."

"அதைத்தான் சொல்லுதேன்" என்றான் பெர்க்மான்ஸ், ஆப்பத்தைப் பார்த்தபடியே. "அப்பாவை டிஸ்கோவுக்கு அனுப்பி வச்சதே நீங்கதான் அண்ணே."

ஜோஸ்லின் சிரித்துவிட்டாள். வசந்தகுமாரியும் சிரித்தாள். நான் திரும்பிப் பார்த்ததும் அதை இருமலாக்கிக்கொண்டாள்.

"பிறகு?"

"பிறகென்ன, ஜனம் விடலை. அப்பா வாசிச்சாரு. எங்கிட்ட பேட்டரியில ஓடுற டேப் ரெக்கார்டர் ஒண்ணு இருந்துது. அமுக்கி வச்சேன். கரண்ட் வந்ததும் நிறுத்திட்டாரு. அவ்வளவுதான் அண்ணே. ஒரு உபகாரம்."

"எல்லாப் பாட்டுக்கும் கீழ கதை எழுதுற ஆளு, இதுக்கு மட்டும் ஒரு வரி எழுதல" என்றாள் ஜோஸ்லின். "வாசிச்சது யாருன்னுகூடப் போடலை. இப்பதான் புரியுது ஏன்னு."

ஏன் என்பதற்கு மேசையருகே இருந்த எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

பதில் எப்படிப் போடுவது என்று ஜோஸ்லின் விளக்கினாள். வாசித்தவர் யார், எங்கே, எப்போது பதிவானது என்று எழுத வேண்டும். வாரிசு கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும் சேர்த்தால் பலம்.

"நீங்கதான் போடணும் அண்ணே" என்றான் தம்பி. "மூத்தவங்க நீங்க. முப்பது வருஷம் ஃபெர்ரி ஓட்டினவங்க. நான் போட்டா, டிஜே பெர்க்கிக்கு அப்பா ஒருத்தர் இருந்தாரான்னு சிரிப்பான்."

"கோவில் திருவிழாவில வாசிச்சதுன்னு எழுது. போடுதேன்."

"டேப்புல ஜனம் 'டிஸ்கோ, டிஸ்கோ'ன்னு கத்துது அண்ணே."

"எந்தக் கோவில்லயும் அப்படிக் கத்த மாட்டாங்க பெரியப்பா."

நான் எழுந்து சட்டை மாற்றினேன்.

என் நிலைமையை வாசகர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். எழுதிக் கொடுத்தால், சப்பரத்துக்கு முன்னால் நடந்த சந்தியாகு பர்னாந்து ஆட்டக் கொட்டகையில் கிளாரினெட் வாசித்தார் என்று மூத்த மகனே சாட்சி சொன்னதாகும். எழுதாவிட்டால், அவர் கட்டிய மெட்டு இனி எந்தக் காலத்துக்கும் மயிலிறகு ஆடியோஸுடையது. அவர் பிள்ளைகள் அதைத் திருடியவர்கள்.

விசாரிக்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. அந்த பேண்டு செட்டில் இப்போது உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். டிரம் அடித்த பரமசிவம், ஹேடோவில் மகனுடைய ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்திருப்பார். ஃபெர்ரிக்குப் போனேன்.

ஃபெர்ரியில் என்னைப் பார்த்து "சலாம் செராங் சாப்" என்று இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள். உட்காரச் சொல்லிவிட்டு நின்றுகொண்டே வந்தேன். நான் ஃபெர்ரியில் உட்காருவதில்லை.

எனக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டோ. அதன் டிரைவர் பெங்காலிப் பையன், கால் மேல் கால் போட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். நெஞ்சில் குத்துகிற தாளம். மேலே கிளாரினெட்.

"யே கிஸ்கா ஹை?" என்று கேட்டேன். யாருடையது இது?

"மாலூம் நஹி தாதா" என்றான். "கிஸிகா பீ ஹோ, மஸ்த் ஹை."

தெரியாதாம்; யாருடையதாக இருந்தால் என்ன, அருமையாக இருக்கிறதாம். அவன் பாராட்டித்தான் சொன்னான். ஆனால் எங்கள் அப்பா யாரோ ஒருவர் ஆகிவிட்டார், அதுவும் என் ஃபெர்ரியில்.

பரமசிவம் சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தண்டனைக் கைதிகள் காலத்திலிருந்து தீவில் இருக்கிற குடும்பம். சிவன் கோவிலுக்குப் போய்விட்டு வந்து எங்கள் சப்பரத்துக்கு டிரம் அடிப்பார். டிரம்முக்குப் பக்கத்திலேயே காதை வைத்திருந்ததால் இப்போது காது மந்தம். அதை நான் மறந்துபோயிருந்தேன்.

"பரமசிவம், ஒரு விஷயம் கேக்கணும்" என்றேன் தணிந்த குரலில்.

"ஆணியா?"

"ஆணி இல்ல. அப்பா விஷயம்."

"எத்தனை இன்ச்?"

வேறு வழியில்லை. குரலை உயர்த்தினேன். "எங்கப்பா டிஸ்கோவுல வாசிச்சாரா?"

கடையில் பெயிண்ட் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எடை போட்டுக்கொண்டிருந்த மகன் தராசை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

பரமசிவத்தின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

"வாசிச்சாரா? ஆட வச்சாரு சாப்! க்யா ராத் தீ! என்ன ராத்திரி அது! பெட்ரோமாக்ஸ் வாசல்லயே நின்னுட்டுது, உள்ள இருட்டுல ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியல. மூஞ்சி பாக்காம வாசிக்கக்கூடியது எங்களுக்குச் சப்பர மெட்டு ஒண்ணுதான். அதையே எடுத்தாரு. நான் கொஞ்சம் வேகமாத் தட்டினேன். அவரு திட்டுவாருன்னு பாத்தேன். அவரு எனக்கு மேல வேகமாப் போறாரு!"

"கரண்ட் போனதுனாலதான வாசிச்சாரு?"

"என்னது?"

"கரண்ட்! கரண்ட் போனதுனாலதான!"

"கரண்டா?" பரமசிவம் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அது கொஞ்ச நேரத்துலயே வந்துட்டுது சாப். கலர் லைட்டெல்லாம் சுத்த ஆரம்பிச்சிருச்சு. உங்க தம்பி மிஷினைப் போட ஓடறான். அப்பா கிளாரினெட்ட வாயிலேர்ந்து எடுக்கவே இல்ல. காலை மட்டும் குறுக்க நீட்டித் தடுத்துட்டாரு. பையன் தடுக்கி என் டிரம்மு மேல விழுந்தான். அதுக்கப்புறம் எத்தனை பாட்டு! கல்யாணப் பாட்டு, மார்ச்சு, திரும்பவும் சப்பர மெட்டு. பேண்டு உடுப்புல கழுத்துப் பொத்தான் இருக்கும்ல? அவுத்துட்டாரு."

"பொத்தானையா?"

"ரெண்டு பொத்தான்."

நான் அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். வெளியே வந்தபோது கடைக்குள்ளிருந்து டிரம் சத்தம் கேட்டது. மூட்டையின் மேல் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார்.

தம்பி காலையில் சொன்னது பொய் என்று தெரிந்தது. கரண்ட் வந்ததும் நிறுத்திவிட்டார் என்றானே, அது எனக்காகச் சொன்ன பொய். அப்பாவும் எனக்காகத்தான் சொல்லாமல் இருந்திருக்கிறார். திரும்பி வரும் ஃபெர்ரியில் அதை யோசித்துக்கொண்டே வந்தவன், வீட்டு வாசலில் ஒரு முடிவோடு செருப்பைக் கழற்றினேன்.

"ஜோஸ்லின், ஒரு வெள்ளைத் தாள் கொண்டா. என் பேனாவையும் எடுத்துட்டு வா."

"நான் டைப் பண்ணிடுறேன் பெரியப்பா."

"கடிதம் கையால எழுதுறது. பிறகு படம் பிடிச்சு அனுப்பு."

மேசையைச் சுற்றி மறுபடி எல்லோரும் கூடினார்கள். வசந்தகுமாரி இந்த முறை ஒன்றும் கேட்டு வரவில்லை. கேட்பதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை, பார்ப்பதற்கு வந்திருந்தாள்.

'மதிப்பிற்குரிய மயிலிறகு ஆடியோஸ் நிறுவனத்தாருக்கு, பாம்பூஃப்ளாட் காலஞ்சென்ற சந்தியாகு பர்னாந்து அவர்களின் மூத்த குமாரன் சின்னப்பன் பர்னாந்து எழுதிக்கொண்டது. தாங்கள் உரிமை கோரும் மெட்டு என் தகப்பனார் சொந்தமாகக் கட்டியது. தாங்கள் குறிப்பிடும் பதிவில் கேட்பது அவர் கிளாரினெட். அது பதிவான இடம்...'

அங்கே பேனா நின்றது.

"தண்ணி வேணுமா?" என்று கேட்டாள் செலின்.

"வேண்டாம்."

'...போர்ட் பிளேயரில் அந்நாளில் இருந்த ஒரு ஹோட்டலின் டிஸ்கோ.' என் வாழ்நாளில் அந்தச் சொல்லை நான் எழுதியது அதுவே முதல் தடவை. 'மின்சாரம் தடைப்பட்டிருந்த வேளையில், கூடியிருந்தவர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி, என் தகப்பனாரும் அவரது பேண்டு செட்டாரும் இதை வாசித்தார்கள்.'

எழுதியதில் பொய் ஏதும் இல்லை. மின்சாரம் தடைப்பட்டுத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நோட்டீஸில் யாரும் கேட்கவில்லை. பெர்க்மான்ஸ் அந்த வரியை என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு மூச்சு விட்டது என் கழுத்தில் பட்டது. நான் பரமசிவத்தைப் பார்த்து வந்ததை அவனிடம் சொல்லவில்லை.

'இதைத் திருட்டு என்று சொன்னது மிஷின் என்று அறிகிறேன். மிஷினுக்கு எங்கள் தகப்பனாரைத் தெரிந்திருக்க நியாயமில்லை. தங்களுக்கு இனித் தெரியும்.' கையெழுத்துப் போட்டேன். கீழே 'செராங், ஓய்வு' என்றும் எழுதினேன்.

ஜோஸ்லின் படம் பிடித்து, தட்டி, அனுப்பினாள். "கயா!" என்றாள். போய்விட்டதாம்.

"ஏதாவது சொல்லுச்சா?"

"பாத்துட்டுச் சொல்லுறோம்னு சொல்லுது. அதுவரைக்கும் சேனல்ல கை வைக்க மாட்டாங்க."

பெர்க்மான்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"தர்பார் இப்போதைக்கு இருக்கட்டும்" என்றேன். "ஆனா அந்தப் பாட்டுக்குக் கீழ அப்பா பேரை முழுசாப் போடு. கிளாரினெட், சந்தியாகு பர்னாந்து, பாம்பூஃப்ளாட். டிரம்முக்குப் பரமசிவம் பேரையும் போடு. ஃபெர்ரியில கேக்குறவனுக்கு யாருன்னு தெரியணும்."

"கடைசி ஃபெர்ரிய விட்டுட்டுப் போனது யாருன்னும் போடவா அண்ணே?"

"ஏல!"

செலின் அன்றைக்கு மத்தியானம் கணவாய்க் குழம்பு வைத்தாள். அது ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது. ஏன் இன்றைக்கே என்று நான் கேட்கவில்லை. வசந்தகுமாரிக்கும் ஒரு கிண்ணம் போயிற்று.

சாயங்காலம் பெயர்கள் போட்ட பிறகு சேனலில் இதயங்கள் மழையாகக் கொட்டின. ஜோஸ்லின் உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். பாராடாங்கிலிருந்து ஒருவர், தங்கள் கல்யாணத்துக்கு வாசித்தவர் இவர்தான் என்று எழுதியிருந்தார். குவைத்திலிருந்து ஒருவர், தன் ஞானஸ்நானத்தில் அவர் கிளாரினெட்டைக் கேட்டுத்தான் தான் அழுததாக வீட்டில் சொல்வார்கள் என்று எழுதியிருந்தார். பிறகு ஜோஸ்லினின் குரல் மாறியது.

"அப்பா, கேம்பல் பேயிலேர்ந்து ஒருத்தவங்க. 'அந்த இருட்டில் முதலில் ஆட இறங்கியவள் நான். டிரம்மின் மேல் விழுந்த டிஜேயைக் கைகொடுத்துத் தூக்கியவளும் நான். பெர்க்கிக்கு நினைவிருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த கப்பலில் போர்ட் பிளேயர் வருகிறேன். சந்திரமதி.'" அவள் நிமிர்ந்தாள். "யாருப்பா சந்திரமதி?"

"அது... பழைய கஸ்டமர்" என்றான் பெர்க்மான்ஸ்.

"டிரம்மு மேல விழுந்தீங்களா? எப்போ?"

"இருட்டுல தடுக்கியிருக்கும்."

அறுபது தாண்டிய ஆண்பிள்ளைக்குக் காது மடல் வரை சிவக்கும் என்று நான் அன்றுதான் கண்டேன். எழுந்துபோய் லேப்டாப்பைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்த இடத்தையே துடைத்தான். ஜோஸ்லின் செலினைப் பார்த்தாள். செலின் என்னைப் பார்த்து, "ஒரு வரன் பாக்கப் போயி ரெண்டு வரன் பாக்க வேண்டியிருக்குமோ என்னவோ" என்றாள். கேம்பல் பே கப்பல் எப்போது வருகிறது என்று நான் ஜெட்டியில் விசாரித்து வைத்திருக்கிறேன். குடும்பத்துக்கு மூத்தவன் விசாரித்து வைக்க வேண்டியது கடமை.

மறுநாள் பூசை முடிந்து வெளியே வந்தபோது ஊருக்கே எல்லாம் தெரிந்திருந்தது. வசந்தகுமாரி தன் வேலையைச் செவ்வனே செய்திருந்தாள். கோவில் முற்றத்தில் யாரும் சிரிக்கவில்லை. அதற்கு மாறாக இரண்டு பெரியவர்கள் வந்து என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்கள். அப்போதுதான் என்ன பேச்சு உலவுகிறது என்று புரிந்தது. அங்கே நான் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் படிக்கிற இடத்தில் ஒரே தடவையாகச் சொல்லிவிடலாம் என்று இருந்துவிட்டேன். தம்பியும் இதைப் படிப்பான், படிக்கட்டும்.

கரண்ட் போனதால் வேறு வழியில்லாமல் சந்தியாகு வாசித்தார், விளக்கு எரிந்ததும் நிறுத்திவிட்டார் என்று பாம்பூஃப்ளாட்டிலும் ஃபெர்ரியிலும் பேசிக்கொள்கிறார்கள். தவறு. விளக்கு எரிந்தது. அப்பா நிறுத்தவில்லை.